பாலைவன மாதிரி செய்யப் போகிறீர்களா? மணலைக் கடைசியாக எடுங்கள்

கண்காட்சி சீசன் வந்தால் கோத்தகிரியில் எங்கள் தெருவில் யாராவது ஒரு பிள்ளைக்குப் பாலைவனம் என்ற தலைப்பு வந்துவிடும். ரவையில் மஞ்சள் கலர் பொடியைக் கலந்து தெர்மாகோல் மேல் கொட்டி, நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஒட்டகம், ஓரத்தில் இரண்டு கையையும் தூக்கி நிற்கிற பச்சைக் கள்ளி, அவ்வளவுதான், மாதிரி தயார். போன வருஷம் அது என் அக்கா மகளுக்கு வந்தது. ஏழாம் வகுப்பு. ரவைப் பாக்கெட்டோடு வந்து, "மாமா, ஒரு கிலோ போதுமா?" என்று கேட்டாள். மூன்று வாரம் இருந்தது. சரி, இந்தத் தடவை உண்மையான பாலைவனத்தையே செய்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தோம். அதில் எது சரியாக வந்தது, எது வரவில்லை என்பதெல்லாம் மற்றவர்களுக்கும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. உலகத்துப் பாலைவனங்களில் மணல் மூடிய இடம் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். மணலுக்கே பேர்போன சகாராவில்கூட ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. மீதியெல்லாம் வெறும் பாறை மேடை, சரளைக்கல் வெளி, மொட்டை மலை, காய்ந்த ஆற்றுப் படுகை, உப்பு படிந்த பள்ளம். அதனால் உங்கள் தட்டை மனசுக்குள் பத்துப் பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். மணலுக்கு இரண்டு பங்குதான். தார் பாலைவனத்தைச் செய்வதாக இருந்தால் மட்டும் கொஞ்சம் தாராளமாகக் கொடுக்கலாம், அங்கே மணல் இந்த உலகக் கணக்கை விட நிறையவே அதிகம்.

பாலைவனம் என்று சொல்ல வைப்பது மழைதான், மணல் இல்லை. ஆண்டுக்கு 250 மி.மீ.க்குக் கீழே மழை என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. இதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க நான் நம் நீலகிரியில் இருக்கும் அவலாஞ்சியைத்தான் சொல்வேன். 2019 ஆகஸ்டில் அங்கே ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் பெய்தது. ஜெய்சல்மருக்குக் கிட்டத்தட்ட நாலு வருஷத்துக்குக் கிடைக்கும் மழை அது. லே நகருக்கு வருஷத்துக்குச் சுமார் 100 மி.மீ.தான், அதனால் பனி மூடிய மலைகளுக்கு நடுவே இருந்தாலும் லடாக் பாலைவனம்தான். அண்டார்டிகாவும் அப்படித்தான், பனி நிறையக் கிடந்தாலும் புதிதாக விழுவது மிகக் குறைவு, உலகத்திலேயே பெரிய பாலைவனம் அதுதான். நிலத்தை ஐந்தாகப் பிரித்த நம் முன்னோர் பாலைக்கென்று தனியாக ஒரு மண்ணைக் கொடுக்காமல், குறிஞ்சியும் முல்லையும் வறண்டு திரிந்தால் வருவது பாலை என்று வைத்தார்கள். எனக்கு இது ஒவ்வொரு தடவையும் வியப்பாகவே இருக்கும், ஏனென்றால் புவியியல் புத்தகம் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். இருக்கிற அதே கல்லும் மண்ணும்தான், தண்ணீர் போய்விட்டால் அதன் முகம் மாறிவிடுகிறது.

எப்படி மாறுகிறது? வீட்டில் முறம் இருந்தால் எடுங்கள். அரிசியைப் புடைக்கும்போது உமியும் தூசியும் பறந்துபோகும், குருணை ஒரு பக்கம் ஒதுங்கும், கல் தனியாகத் தங்கும். பாலைவனத்தில் காற்று இந்த வேலையைத்தான் லட்சக்கணக்கான வருஷமாகச் செய்கிறது. தூசி உயரே எழும்பி வெகுதூரம் போய்விடுகிறது. சகாராவின் தூசி அட்லாண்டிக் கடலையே தாண்டி அமேசான் காடு வரைக்கும் போய் விழுகிறது, அதில் ஒரு பெரிய பங்கு சாட் நாட்டில் போதெலே என்கிற காய்ந்த ஏரிப் பள்ளத்திலிருந்து கிளம்புவது. மணல் அவ்வளவு உயரம் எழும்பாது. தத்தித் தத்திப் போகும், பெரும்பாலும் முழங்கால் உயரத்துக்குள்ளேயே, எங்கே காற்று தளர்கிறதோ அங்கே குவியும். சரளைக்கல் போட்ட இடத்திலேயே கிடக்கும். ஆக, நாம் செய்ய வேண்டியதும் கொட்டுவது இல்லை, புடைப்பது. மாதிரி முழுக்க இந்த ஒரு யோசனையில்தான் நிற்கிறது.

தட்டுக்கு நாங்கள் பேக்கரியில் வர்க்கி அடுக்கும் பழைய தகர ட்ரே ஒன்றைக் கேட்டு வாங்கினோம், இரண்டடிக்கு ஒன்றரையடி இருக்கும், விளிம்பு இருப்பதால் மணல் சிந்தாது. தெர்மாகோல் வேண்டாம், தண்ணீர் ஊற்றப் போகிறோம்.

பொருள்கள் எல்லாம் வீடு கட்டும் இடத்திலேயே கிடைக்கும். மேஸ்திரி அண்ணாவிடம் கேட்டால் கொடுப்பார்: முக்கால் இன்ச் ஜல்லி கொஞ்சம், பேபி ஜல்லி ஒரு டப்பா, எம்-சாண்ட் ஒரு டப்பா, ஆற்று மணல் எங்காவது மிச்சம் இருந்தால் அதில் ஒரு டப்பா, உடைந்த கடப்பாக்கல் துண்டு நாலைந்து. வீட்டிலிருந்து கல் உப்பு, கொஞ்சம் களிமண், தேயிலைத் தூள், துருப்பிடித்த ஆணி இரண்டு. அப்புறம் மாவு சல்லடை, பழைய வேட்டித் துணி, ஹேர் டிரையர். ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் மிகவும் நல்லது.

எம்-சாண்டையும் ஆற்று மணலையும் ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பி, பூதக்கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள். இதற்கு அரைமணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. எம்-சாண்ட் கிரஷரில் உடைத்தது, ஒவ்வொரு துகளும் மூலை மூலையாக, கண்ணாடிச் சில்லு மாதிரி கூர்மையாக இருக்கும். ஆற்று மணலில் மூலைகள் மழுங்கியிருக்கும். பாலைவனத்தில் காற்றில் அடிபட்டு அடிபட்டு வந்த மணல் இதைவிட உருண்டையாக, மேலே தேய்த்த கண்ணாடி போல மங்கலாக இருக்கும். எங்களுக்குத் தூத்துக்குடிப் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவர் தேரிக்காட்டு மண் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்திருந்தார், அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ரத்தச் சிவப்பு. ஒவ்வொரு துகள் மேலும் இரும்புத் துரு மெல்லிசாகப் பூசியிருக்கிறது, சில பாலைவன மணல் சிவப்பாக இருப்பதற்கும் இதுவே காரணம். தேரிக்காடு காற்று குவித்த மணல்மேடுதான், ஆனால் அங்கே மழை 250 மி.மீ.யை விட அதிகம், அதனால் பாலைவனம் ஆகாது. மணல்மேடு வேறு, பாலைவனம் வேறு என்று காட்ட நம் மாநிலத்திலேயே இருக்கிற நல்ல சாட்சி.

எம்-சாண்டைச் சல்லடையில் சலித்து, கீழே விழுந்ததை வேட்டித் துணியில் இன்னொரு தடவை சலியுங்கள். சல்லடையில் நின்றது பருமணல், துணியில் நின்றது மணல், துணிக்குக் கீழே போனது தூசி. மூன்றையும் தனித்தனி டப்பாவில் வையுங்கள். இதை வெளியில், மூக்கிலும் வாயிலும் துணி கட்டிக்கொண்டுதான் செய்ய வேண்டும், கல் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். சலிக்கிற வேலையைப் பிள்ளைகளிடம் விடாமல் பெரியவர்கள் செய்துவிடுவதே நல்லது.

இங்கேதான் எங்களுக்கு ஒரு சிக்கல் வந்தது, மலையில் செய்கிற எல்லாருக்கும் வரும். நவம்பர் மாதம், நாள் முழுக்க மஞ்சு, அதாவது மூடுபனி. ஹேர் டிரையரை எவ்வளவு வைத்தாலும் மணல் நகரவே இல்லை. தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கிறது, ஆனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு துகளோடு துகள் ஒட்டிக் கிடக்கிறது. பழைய இரும்பு வாணலியில் போட்டு, கடலை வறுக்கிற மாதிரி மிதமான தீயில் கிண்டினேன். முதலில் திட்டுத் திட்டாகப் புரண்டது, கொஞ்ச நேரத்தில் ஆவி கிளம்பியது, பத்து நிமிஷத்தில் கரண்டி போகிற பக்கமெல்லாம் தண்ணீர் மாதிரி வழிந்து சரசரவென்று சத்தம் மாறியது. அந்தச் சத்தம் வந்தால் எடுத்துவிடலாம். ஆறவைத்து டிரையரைக் காட்டியதும் ஓடியது பாருங்கள்! அக்கா மகள், "அப்ப நம்ம ஊர்ல ஏன் மணல்மேடு வரலைன்னா ஈரம்தானா மாமா?" என்று கேட்டாள். அதேதான். ஈரமும் புல்லும் வேரும் மண்ணைப் பிடித்துவைத்திருக்கின்றன. அதை விட்டால் காற்றுக்கு வழி கிடைத்துவிடும். இந்த இரண்டு மணலையும், ஈரமானதை ஒரு சாசரிலும் வறுத்ததை இன்னொரு சாசரிலும் வைத்துக் கண்காட்சியிலேயே ஊதிக் காட்டினோம், பார்க்க வந்தவர்கள் தட்டை விட அதன் பக்கத்தில்தான் அதிக நேரம் நின்றார்கள்.

இனி தட்டு. ஒரு மூலையில் பெரிய கற்களை அடுக்கி மலை எழுப்புங்கள். பூசி வழுவழுப்பாக்க வேண்டாம், விளிம்பு கூர்மையாகவே இருக்கட்டும். நம் மலையில் மழைத்தண்ணீர் பாறைக்குள் இறங்கி, அதில் இருக்கும் கனிமங்களையே களிமண்ணாக மாற்றிவிடுகிறது. மேட்டுப்பாளையம் போகிற ரோட்டில் மண் வெட்டிய இடங்களில் பார்த்தால் தெரியும், செம்மண்ணுக்கு நடுவே உருண்டைக் கல், அதைச் சுற்றி வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக உதிர்கிற பாறை. பாலைவனத்தில் அந்த அளவுக்குத் தண்ணீர் இல்லை. பகல் சூடும் ராத்திரிக் குளிரும், பாறை இடுக்கில் வளரும் உப்புப் படிகமும் பாறையைப் பிளக்கின்றன, கரைப்பது குறைவு, உடைப்பது அதிகம். அதனால் அங்கே மலை எலும்பு தெரிகிற மாதிரி நிற்கும்.

மலைக்கு அடுத்து கடப்பாக்கல் துண்டுகளை மேடை மாதிரி தட்டையாகப் பதியுங்கள். காற்று துடைத்துவிட்ட இந்த வெறும் பாறை மேடையை அரபியில் ஹமாதா என்பார்கள். இது ஐந்து நிமிஷ வேலை.

அடுத்தது சரளை வெளி, சகாராவில் ரெக் என்று சொல்வது. இதை அடுக்கக் கூடாது, உருவாக்க வேண்டும். பேபி ஜல்லி ஒரு பங்கு, வறுத்த மணல் இரண்டு பங்கு, தூசி ஒரு கைப்பிடி, எல்லாவற்றையும் கலந்து, இரண்டு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். பார்த்தால் வெறும் மணல் மாதிரித்தான் இருக்கும், ஜல்லி அங்கங்கே தலைகாட்டும். பிள்ளைக்குக் கண்ணாடி மாட்டி, மூக்கைக் கட்டி, டிரையரைக் குறைந்த வேகத்தில் ஒரே திசையிலிருந்து சாய்வாகக் காட்டச் சொல்லுங்கள். முதலில் தூசி புகையாகப் போகும், பிறகு மணல் தரையோடு தரையாக ஓடும், ஒவ்வொரு கல்லாக வெளியே வரும், ஒரு கட்டத்துக்கு மேல் எவ்வளவு ஊதினாலும் ஒன்றும் நகராது. மேலே கல் நெருக்கமாகப் பாவிய தரை, அதற்குக் கீழே இன்னும் மணல் பத்திரமாக இருக்கும். ஒரு கல்லை மட்டும் எடுத்துவிட்டு ஊதிப் பாருங்கள், அந்த இடம் மட்டும் மறுபடி குழி விழும். பாலைவனத்தில் ஜீப் ஏறிய தடம் பல பத்தாண்டுகளுக்கு அழியாமல் இருப்பது இந்தக் கல்பாவு உடைந்துவிடுவதால்தான். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்: எல்லா இடத்திலும் காற்று மணலை எடுத்ததால் மட்டும் இப்படி ஆகவில்லை. சில இடங்களில் வெளியிலிருந்து வந்து விழும் தூசி கல்லுக்கு அடியில் இறங்கிச் சேரச் சேர, கற்கள் எப்போதும் மேலேயே இருக்கும்படி மெல்ல உயர்ந்துகொண்டே வருகின்றன.

இந்தக் கற்களில் சிலவற்றுக்குக் கறுப்பு ஏற்ற வேண்டும். பாலைவனக் கற்கள் மேல் களிமண்ணும் மாங்கனீசும் இரும்பும் சேர்ந்து மிக மிக மெல்லிய பளபளப்புப் படலம் ஒன்று ஆயிரக்கணக்கான வருஷத்தில் படிகிறது. பெயிண்ட் அடிக்காதீர்கள். தேயிலைத் தூளைக் கெட்டியாகக் கொதிக்கவைத்து, துரு ஆணியைப் போட்டு இரண்டு நாள் விடுங்கள், டிக்காஷன் மை மாதிரிக் கறுத்துவிடும். பஞ்சில் தொட்டுக் கல்லின் மேல்பக்கம் மட்டும் தடவுங்கள், அடிப்பக்கம் பழைய நிறத்திலேயே இருக்கட்டும். நம் தேயிலை இதற்கு வேலைக்கு ஆகும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

அப்புறம் தண்ணீர். பாலைவனத்தின் உருவத்தைச் செதுக்கியதில் தண்ணீருக்குப் பெரிய கை உண்டு, இதைச் சொல்லும்போது பெரியவர்களே நம்புவதில்லை. எப்போதோ ஒரு நாள்தான் பெய்யும், ஆனால் பிடித்துவைக்கப் புல்லும் மரமும் இல்லாததால் மொத்தமும் ஒரேயடியாக ஓடிவரும். மலை மூலையில் கற்களுக்கு இடையே மணலும் பருமணலும் தூசியும் கலந்து திணித்துவிட்டு, ட்ரேயை அந்தப் பக்கம் ஒரு செங்கல் உயரம் தூக்கி, ஒரு டம்ளர் தண்ணீரை மலை இடுக்கில் மடமடவென்று ஊற்றுங்கள். ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டு வரும், மலை முடிகிற இடத்தில் விசிறியை விரித்த மாதிரி மண்ணைப் பரப்பிவிட்டு நிற்கும். கழுத்தில் பெரிய கல், விளிம்பில் நைசான மண். அந்த வாய்க்கால்தான் அரபியில் வாதி என்பது, பரப்பியது வண்டல் விசிறி. எங்களுக்கு மூன்றாவது தடவைதான் நன்றாக வந்தது, முதல் இரண்டு தடவையும் தண்ணீரைப் பயந்து பயந்து ஊற்றியதால் மண்ணுக்குள்ளேயே இறங்கிவிட்டது.

தண்ணீர் போய்த் தேங்கும் கடைசிப் பள்ளத்தில் களிமண்ணை மெல்லிசாகப் பூசி, கல் உப்பைக் கரையும் மட்டும் கரைத்த வெந்நீரை ஊற்றி விடுங்கள். கடலுக்குப் போக வழியில்லாத பள்ளத்தில் ஆறு வந்து தேங்கி, தண்ணீர் ஆவியாகி, அது கொண்டுவந்த உப்பு மட்டும் மிஞ்சுவதுதான் உப்புப் படுகை. ராஜஸ்தானின் சாம்பர் ஏரி அப்படிப்பட்டதுதான். கட்ச் ரண்ணில் மழைக்காலத் தண்ணீரும் கடல் தண்ணீரும் ஏறி வற்றி, கண்ணைக் கூசுகிற வெள்ளை வெளி ஆகிவிடுகிறது. நம் மஞ்சில் இது காயவே காயாது, அடுப்புக்குப் பக்கத்தில் மூன்று நாள் வையுங்கள், ஜனவரி வெயிலாக இருந்தால் மொட்டை மாடியே போதும். உப்பு மேலேறிப் பூத்து, களிமண் வெடித்துக் கட்டம் கட்டமாகப் பிரியும். இதே மாதிரிப் பள்ளத்தில் உப்புக்குப் பதில் ஜிப்சம் தங்கி, உடைந்து, மணல்மேடாகவே ஆன இடம் அமெரிக்காவில் நியூ மெக்சிகோவில் இருக்கிற ஒயிட் சாண்ட்ஸ். வகுப்பில் எழுதுகிற சாக்பீசும் பெரும்பாலும் ஜிப்சம்தான், ஒன்றைப் பொடித்து ஒரு மூலையில் தூவி, மணல் என்றால் எல்லாம் ஒரே பொருள் இல்லை என்று காட்டலாம்.

இப்போது மணலுக்கு வருவோம். வறுத்த ஆற்று மணலைக் காற்று வரும் திசைக்கு எதிர்முனையில் குவித்து மெதுவாக ஊதுங்கள், சில நிமிஷத்தில் குறுக்குக் குறுக்காக அலைக்கோடுகள் விழும். ஆனால் பிறை வடிவ மேடு தானாக வரும் என்று காத்திருக்காதீர்கள், காற்றில் அது சில மீட்டர் நீளம் இல்லாமல் உருவாகாது. அதைக் கையால்தான் செய்ய வேண்டும். காற்று வரும் பக்கம் சரிவு நீளமாக, மெதுவாக ஏறட்டும். மறுபக்கம் செங்குத்தாக விழட்டும். பிறையின் இரண்டு கொம்பும் காற்று போகும் திசையைப் பார்க்க வேண்டும், முக்கால்வாசிப் பேர் இதைத் திருப்பி வைத்துவிடுகிறார்கள். செங்குத்துப் பக்கத்தை எவ்வளவு குத்தாக வைக்கப் பார்த்தாலும் காய்ந்த மணல் 30 முதல் 34 டிகிரிக்குள் சரிந்து நின்றுவிடும், ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானியை வைத்து அளக்கச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். அரேபியாவின் பெரிய மேட்டிலும் இதே கோணம்தான்.

கள்ளி வைக்க வேண்டாம். கை தூக்கி நிற்கும் அந்தக் கள்ளி அமெரிக்காவுடையது, சகாராவிலும் தாரிலும் கிடையாது. தார் என்றால் வன்னி மரம் வையுங்கள், அங்கே கேஜ்ரி என்று கும்பிடுவது நம் கோயில்களில் நிற்கும் அதே வன்னிதான். எருக்கஞ்செடியும் வைக்கலாம். ஒட்டகம் வைத்தே ஆக வேண்டும் என்றால் தாருக்கு ஒற்றைத் திமில், லடாக்கின் நூப்ராவுக்கு இரட்டைத் திமில்.

பின்னால் நிறுத்தும் அட்டையில் நீலகிரி படத்தையே வரையச் சொன்னேன். தென்மேற்குப் பருவக்காற்று கூடலூர், தேவாலா பக்கம் மழையைக் கொட்டிவிட்டு மலையைத் தாண்டுகிறது, மசினகுடிப் பக்கம் இறங்கும்போது ஈரம் குறைந்து முள்காடுதான் மிஞ்சுகிறது. பஸ்ஸில் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம், நிலமே வேறு. மசினகுடி பாலைவனம் இல்லை, ஆனால் லடாக்குக்கு இமயமலை இதே மாதிரிதான் மழையை மறைக்கிறது. மழை மறைவுப் பகுதி என்று புத்தகத்தில் படித்ததை எங்கள் பிள்ளைகள் ஜன்னல் வழியாகவே பார்த்திருக்கிறார்கள், அதை விட்டுவிட மனசு வரவில்லை.

கொண்டுபோகும்போது மணலைத் தட்டில் வைத்துக் கொண்டுபோகாதீர்கள், இரண்டு கொண்டை ஊசி வளைவிலேயே பிறை கலைந்துவிடும். வறுத்த மணலைச் சூடாறியதும் இறுக்கமூடும் டிபன் டப்பாவில் போட்டு, பள்ளியில் இறங்கிய பிறகு கொட்டுங்கள். உப்புப் படுகை மேல் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடுங்கள், மத்தியானம் மஞ்சு ஏறினால் பூத்த உப்பு மறுபடி கசிய ஆரம்பித்துவிடும். கூடவே இன்னொரு டப்பா வறுத்த மணலும் ஒரு ஸ்பூனும் இருக்கட்டும். மூன்று மணிக்கு மேல் மேட்டு மணல் நமத்துப்போய் அலைக்கோடு விழாமல் நின்றுவிட்டது, மேலாக இருந்ததை வழித்துவிட்டுப் புது மணலைத் தூவினோம், அடுத்து வந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு மறுபடி ஓடியது.